இனிக்கும் வெந்நீர்

"சக்கரை டப்பா எங்கே?"

தெய்மூர் சமையலறையையே புரட்டிக்கொண்டிருந்தார். போடுவதற்கு அல்ல, ஒளித்து வைப்பதற்கு. ஒருவழியாகக் கிடைத்த டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டப்பா கனமில்லாமல் இருந்ததைக் கவனிக்கிற நிலையில் மனிதர் இல்லை.

கூடத்தில் பெண் கேட்டு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கூ நகரில் அப்படி வந்தவர்களிடம் யாரும் வாய் திறந்து 'முடியாது' என்று சொல்வதில்லை. தேநீர் சொல்லிவிடும். சர்க்கரை போட்டிருந்தால் சம்மதம். இல்லையென்றால் குடித்துவிட்டு எழுந்து போய்விட வேண்டியதுதான். தெய்மூர் சுற்றுலா வழிகாட்டி. எண்ணெய்க் கிணறுகளையும் பழைய நெருப்புக் கோயிலையும் காட்டிவிட்டு, இந்தத் தேநீர் வழக்கத்தையும் சொல்லித்தான் பயணிகளை விடுவார். அப்படியொரு கசப்புத் தேநீரைத் தானே ஒருமுறை குடித்ததை மட்டும் சொல்ல மாட்டார்.

மாப்பிள்ளை ரௌஃப் தங்கமான பையன்தான். மகள் நிகாருக்கு அவன் என்றால் உயிர். ஆனால் அவனுக்கு வேலை நடுக்கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில். மகன் எல்ச்சினைப் புயல் அடித்துக்கொண்டு போனதும் அப்படி ஒரு மேடையிலிருந்துதான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மனைவி சுரையா பேச்சைக் குறைத்துவிட்டாள். காற்று பலமாக அடித்தால் ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள். இன்னொருவனுக்காகவும் அவள் அப்படி நிற்பதா? கூடவே கூடாது என்று தெய்மூர் முடிவு கட்டியிருந்தார்.

சமோவார் என்கிற குழாய் வைத்த கொப்பரையில் கொதித்த வெந்நீரைப் பிடித்து, தேநீரைத் தானே ஊற்றிக் கொண்டுபோய் வைத்தார். ரௌஃபின் பெரியப்பா முர்சால் ஒரு மிடறு குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆஹா! வாயெல்லாம் தித்திக்குது, தெய்மூர்!"

தெய்மூருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயையோ, தப்பு நடந்துபோச்சு. குடிக்காதீங்க!"

"பொண்ணைப் பெத்தவங்க எல்லாரும் இப்படித்தான் பிகு பண்ணுவாங்க" என்று முர்சால் மிச்சத்தையும் காலி செய்தார்.

மாடியில் வாடகைக்குத் தங்கியிருந்த போலந்துக்காரி ஹனா, வழக்கத்தை நேரில் பார்க்க மூலையில் உட்கார்ந்திருந்தாள். தெய்மூர் அவளிடம் பாய்ந்தார். "நீங்க செஞ்ச வேலையா இது?"

"நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையே!"

கோப்பையில்தான் கோளாறு என்று முடிவு செய்தார். கோப்பைகளைச் சமோவார் வெந்நீரிலேயே நன்றாக அலசினார். புதுத் தேயிலை போட்டுத் திரும்பவும் ஊற்றிக் கொண்டுவந்தார்.

"முதல்ல குடுத்ததைவிட இது தூக்கல், சம்பந்தி!"

தெய்மூர் கைகளை உதறினார். "சம்பந்தியும் இல்ல ஒண்ணும் இல்ல! டீயே வேண்டாம். வெறும் வெந்நீர் தர்றேன், குடிச்சிட்டுக் கிளம்புங்க."

வெந்நீர் வந்தது. முர்சால் சப்புக்கொட்டினார். கண்கலங்கி எழுந்து தெய்மூரைக் கட்டிக்கொண்டார்.

"இத்தனை கல்யாணம் பேசி முடிச்சிருக்கேன். வெந்நீர்கூட இனிக்கிற சம்மதத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன், சம்பந்தி!"

ஹனா கைதட்டினாள்.

தெய்மூர் பிடியை உதறிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். சமோவாரைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்தார். பாகு.

"நிகார்! சமோவார்ல சக்கரையைக் கொட்டினியா?"

"இல்லப்பா, சத்தியமா இல்ல." அழுதழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "நீங்க முடியாதுன்னதுமே நான் மனசை விட்டுட்டேன்."

"உன்னை வருத்தணும்னா சொன்னேன்? உங்கம்மா தாங்க மாட்டாம்மா. அவளை நெனைச்சுத்தான் இந்தப் பாடு படறேன்!"

அதுவரை மூலையில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த சுரையா துணியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் கொட்டினேன். கடல்ல வேலை பாக்குறவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு நம்ம எல்ச்சினுக்காக நீங்க பொண்ணு கேட்டுப் போன வீட்டுல ரெண்டு பேருக்கும் கசப்பு டீ குடுத்தாங்களே, அதைக் குடிச்சிட்டு அவன் கப்பலேறிப் போன மூஞ்சிதாங்க எனக்குக் கடைசி. இன்னொருத்தி பிள்ளையை அந்த மூஞ்சியோட நான் கடலுக்கு அனுப்ப மாட்டேன்."