பசுவந்தனை வழியா கோட்டைக்குப் போன கதை

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கூடப் படிக்கிற ரெண்டு பேரைப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, சாயந்தரம் மணியாச்சியில ரயில் ஏத்தி விடணும்.

அவ்வளவுதான். கோவில்பட்டியில இருந்து காருல போனா கொஞ்ச நேரப் பாதை. இதுல என்னத்த தப்பாப் போயிரும்னு கேக்கீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன்!

முதல்ல ஆளுங்களச் சொல்லிடுதேன். நான் போலந்துல படிக்கேன். மாரெக் அந்த ஊருக்காரன். வாசல் நெல இடிக்கிற ஒசரம். யாரு முகம் சுருங்கினாலும் உடனே சாரி கேட்டுருவான், தப்பு யாரு மேலங்கிறதெல்லாம் அவனுக்கு ரெண்டாம் பட்சம். லின் வியட்நாம்காரி. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரு பாஷையில நாலு வார்த்தை கத்துக்கிட்டாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். லீவுக்கு ரெண்டு பேரும் என் கூட ஊருக்கு வந்திருந்தாங்க. அன்னைக்குத்தான் கடைசி நாள்.

கோட்டை சமாச்சாரம் எப்படி வந்துச்சுன்னா, போன வருசம் மாரெக் அவன் ஊருக் கோட்டைக்கு எங்களக் கூட்டிட்டுப் போனான். காலையில ரயில், கோட்டை, மத்தியானம் பெஞ்சுல உக்காந்து ரொட்டி, திரும்பவும் கோட்டை, சாயந்தரம் ரயில். ஒரு பிசகு கிடையாது. அவன் அத்தை வீடு கோட்டைக்கு நேர் எதுத்தாப்புல. அவிய ஜன்னல்ல நின்னு கையாட்டுனாவ, இவன் திருப்பிக் கையாட்டுனான். முடிஞ்சது!

"அத்தை வீட்டுக்குள்ள போகலையாப்பா?"ன்னேன்.

"எதுக்கு? நாம கோட்டை பாக்கத்தான வந்தோம்?"ன்னான்.

நான் விடுவேனா? "எங்க ஊர்லயும் கோட்டை இருக்கு! வெள்ளைக்காரனே திணறிப் போன கோட்டை! வா, காட்டுதேன்"னு அள்ளி விட்டேன். நான் அங்க போனது அஞ்சாங்கிளாஸ் டூர்ல. பஸ்ல வாந்தி எடுத்தது மட்டும்தான் நியாபகம். ஆனா சொன்னது சொன்னதுதான? இவன் கோட்டையப் பாக்காம ஃப்ளைட் ஏறிட்டா, திரும்பக் காலேஜுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?

அதனால காலையிலயே ரெடி. டிரைவர் அண்ணாச்சி வண்டியக் கிளப்பிட்டாரு. அம்மா ஜன்னல்ல தலைய விட்டாவ.

"பசுவந்தனை வழியாத்தான போறிய? பெரியம்மா வீட்டுல தலையக் காட்டிட்டுப் போ."

"நேரமில்லம்மா."

"அஞ்சு நிமிசம்ட்டி! தெரிஞ்சா வருத்தப்படுவா."

எங்க பக்கத்துல எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. சொந்தக்காரவுக வீட்டத் தாண்டி வண்டி சும்மா போகக் கூடாது. நிக்கணும். நின்னா உள்ள போகணும். உள்ள போனா உக்காரணும். உக்காந்துட்டா அவ்வளவுதான், தட்டு வந்துரும்.

பெரியம்மா வீட்டுல தட்டு வந்துச்சு. இட்லி, வடை, சீனிச்சேவு.

லின் கையத் தட்டுக்கு மேல வச்சு அழகா, "போதும்"னா.

வீடே குலுங்கிப் போச்சு! "ஏட்டி, தமிழ் பேசுதா பாரு! என்ன அழகாப் பேசுதா!"னு சந்தோசத்துல இன்னும் மூணு இட்லி விழுந்துச்சு. அவ மறுபடி "போதும்"னா. ரெண்டு வடை. பாவம், தான் ஏதோ தப்பாச் சொல்லுதோம்னு நெனச்சு வாய மூடிக்கிட்டா.

பெரியம்மா என்னை அடுப்படிக்கு இழுத்தாவ. "அந்தப் பய யாரு?"

"கூடப் படிக்கான் பெரியம்மா."

"படிக்கட்டும், படிக்கட்டும். என்ன ஆளுவ?"

"போலந்து ஆளுவ."

"அது நம்மள விடக் கூடவா, கொறவா?"

நான் வெளிய ஓடி வந்துட்டேன். அதுக்குள்ள பெரியம்மா மகன் எல்லாரையும் நிக்க வச்சுப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டான். "நம் இல்லத்தில் வெளிநாட்டு விருந்தினர்"னு கீழ எழுத்து வேற. அந்தக் குரூப்புல இருக்குற பாதிப் பேரு வீடு அந்த ரோட்டு மேலதான் இருக்கு!

நெனச்சது சரியாப் போச்சு. பசுவந்தனையத் தாண்டிக் கரிசக்காட்டுக்கு நடுவுல போறோம், ரோட்டுக்குக் குறுக்க ஒரு பைக்கு. பைக்கு மேல எங்க சித்தப்பா, கைய விரிச்சுக்கிட்டு.

"வழிப்பறியா?"ன்னு மாரெக் மெதுவாக் கேட்டான்.

"அதை விட மோசம்"னேன்.

"அவ வீட்டுல உக்காந்து சாப்பிடுதிய, என் வீட்டுல பச்சத்தண்ணி கூடக் குடிக்காமப் போறிய. அப்ப நாங்க யாரு?"ன்னாரு சித்தப்பா. இறங்கினோம். நுங்கு, பதனி, கலரு சோடா, மிக்சரு, காப்பி. எல்லாம் அந்த வரிசையிலயே. லின் என் காதுல, "உங்க கோட்டை எத்தனாவது வீடு?"ன்னா.

டிரைவர் அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு குறையும் இல்ல. "பாப்பா, அடுத்து யாரு வீடு?"ன்னு பெல்ட்டத் தளத்திக்கிட்டே கேட்டாரு.

அடுத்து ஓட்டப்பிடாரம். தாய்மாமா வீடு. கோட்டை அங்க இருந்து கூப்பிடு தூரம். குனிஞ்சுக்கிட்டே தாண்டிரலாம்னு நான் சீட்டுக்கு அடியில ஒளிஞ்சேன். பிரயோசனமில்ல. மாமா தெருமுனையில சேர் போட்டு உக்காந்திருந்தாரு.

உள்ள கூட்டிட்டுப் போனாரு. மாரெக்க ஏற இறங்கப் பாத்தாரு.

"இவன் வெள்ளைக்காரன்தான?"

"போலந்து மாமா! அது வேற. வெள்ளைக்காரன் நம்மள ஆண்டப்ப இவங்களையும் வேற எவனோ ஆண்டுக்கிட்டுத்தான் இருந்தான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளையா இருக்கானா, இல்லையா? கோட்டைய இடிச்சுத் தரைமட்டமாக்கி, அந்த இடத்த உழுது ஆமணக்கு வெதச்சானுவ! இப்ப நிக்கிறது பொறவு நாம கட்டுனது. இது நியாயமான்னு கேளு!"

கேட்டேன். விளையாட்டாத்தான் கேட்டேன்! மாரெக் எந்திரிச்சு நின்னான். கைய நெஞ்சுல வச்சான். தலையக் குனிஞ்சு, "ரொம்ப சாரி அங்கிள்"னான்.

மாமாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"ஏலே! மன்னிப்புக் கேட்டுட்டாம்லே! இத்தன காலத்துல ஒருத்தன் கேக்கலயே!"ன்னு அவனக் கட்டிப் பிடிச்சாரு. அப்புறம் அத்தையப் பாத்து ஒரே சத்தம். "ஏட்டி, அந்தச் சேவலப் பிடி!"

எனக்கு உசுரே போயிருச்சு. சேவல இனிமே பிடிச்சு, அறுத்து, மசாலா அரச்சு, கொதிச்சு...

"மாமா, கோட்டையப் பூட்டிருவாங்க!"

"கோட்டை எங்க ஓடிரப் போகுது? சேவல்தான் ஓடுது!"

ஓடத்தான் செஞ்சுது. மாமா ஒரு பக்கம், மாரெக் ஒரு பக்கம், நடுவுல சேவல். அதுக்குள்ள தெருவுக்குச் சேதி போயிருச்சு. மன்னிப்புக் கேட்ட வெள்ளைக்காரனப் பாக்க ஆளுக வந்துட்டாவ. "நான் அப்ப இல்ல, எனக்கும் ஒரு தடவ சொல்லச் சொல்லு"ன்னாரு எதுத்த வீட்டு அண்ணாச்சி. மாரெக் சொன்னான். வீடியோ எடுத்தாவ. ஒருத்தர் சுதேசிக் கப்பல் கம்பெனிய நொறுக்குனதுக்கும் சேத்துக் கேக்கச் சொன்னாரு. கேட்டான். குளத்தூர்ல இருந்து வந்திருந்த உப்பளக்காரர் ஒருத்தர் உப்பு வரிக்குத் தனியாக் கேக்கச் சொன்னாரு. அதையும் கேட்டான். கூசாமக் கேக்கான் பாருங்க!

குழம்பு பிரமாதம். அதைச் சொல்லாம விட்டா பாவம். ஆனா இலைய எடுக்கும்போது வெயில் சாஞ்சிருச்சு. நான் சாப்பிட்ட கையோட அழுதுட்டேன். நெசமாவே அழுதேன். எத்தன ஆசையாச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்!

மாமாவுக்குத் தாங்கல. "இதுக்குப் போய் அழலாமாட்டி? மாடிக்கு வாங்க, காட்டுதேன்."

மாடிக்குப் போனோம். கைய நீட்டுனாரு. "அந்தா, அங்கன!"

அங்கன உடைமரம் தெரிஞ்சுது. ரெண்டு பனை தெரிஞ்சுது. மாரெக் மரியாதையா அந்தப் பனையப் போட்டோ எடுத்துக்கிட்டான்.

"மாமா, நீங்க எப்ப கடைசியாப் போனிய?"ன்னேன்.

"நானா? பக்கத்துலதான இருக்கு, எப்ப வேணாலும் போயிக்கிடலாம்"னாரு.

மணியாச்சிக்குப் பறந்தோம். கோட்டைக்குப் பிரியுற ரோட்டுல போர்டு மட்டும் ஒரு நிமிசம் தெரிஞ்சு மறஞ்சுது. மடியில மாமா குடுத்த கருப்பட்டி, காலடியில சித்தப்பா குடுத்த முருங்கைக்கா. ரயில் நிக்கும்போதே ஓடிப் போய் ஏத்தி விட்டேன்.

ஜன்னல் வழியா மாரெக்கப் பாத்து, "சாரிடா, கோட்டையக் காட்ட முடியல"ன்னேன்.

"அதை விடு சுதா"ன்னான். அவன் மூஞ்சியில வேற கவலை. "உங்க மாமா நெசமாவே என்னை மன்னிச்சுட்டாரா?"

"மன்னிச்சுட்டாருடா."

"அப்பாடா"ன்னு சாஞ்சு உக்காந்தான். லின் கையாட்டிக்கிட்டே, வயித்தப் பிடிச்சுக்கிட்டே, "போதும்! போதும்!"னு கத்துனா. ரயில் போயிருச்சு.

திரும்பி வரும்போது ஒண்ணு மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது மக்களே. அன்னைக்குப் பீரங்கியோட கிளம்பின வெள்ளைக்காரன் மட்டும் பசுவந்தனை வழியா வந்திருந்தா, அந்தப் பழைய கோட்டை இன்னும் அப்படியே நின்னுக்கிட்டு இருக்கும்.