அலெக்சாண்டர் பாசாருக்குப் போயிருக்கிறார்

பேராக் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், தொலைபேசிக் கட்டணத்தை டிரங்க்கால் அண்ணனைப் போல் கரைத்துக் குடித்த ஆள் கிடைக்கமாட்டார். வெளியூருக்குப் பேச ஆப்பரேட்டரிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த எழுபதுகள் அவை. ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு லாரிப் பட்டறையில் அவர் ஸ்டோர் பார்த்தார், நான் வயரிங் பார்த்தேன்.

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட இழவுச் சேதி வந்ததுபோல் வாங்கிக்கொள்வார். ஆனால் யாராவது வெளியூருக்கு போன் பேசப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் பக்கத்துக் காப்பிக் கடைக்கு ஓடிவந்துவிடுவார். எங்கள் வட்டாரத்துக்கே போன் அந்தக் கடையில்தான் இருந்தது.

ஒருநாள் வெல்டர் செல்வம், நிச்சயம் பண்ணிய பெண்ணோடு பேச சிங்கப்பூருக்கு கால் போட நின்றான்.

"என்னா கால் போடப்போற?" என்றார் அண்ணன்.

"சாதாரண கால்தாண்ணே. அதான் மலிவு."

"மலிவா! போன யாரு எடுப்பா?"

"அவ அண்ணன்."

"அவன் எடுத்தவுடனே மூணு நிமிசக் கணக்கு ஓட ஆரம்பிச்சிரும்லா. அவன் உன்னை நலம் விசாரிப்பான். அப்புறம் தங்கச்சியக் கூப்புடுவான். அது தலை சீவி, பவுடர் போட்டு வரும். நீ ஹலோங்கறப்ப மூணு நிமிசம் காலி. ஆள் பேரு சொல்லி பெர்சனல் கால் போடு. கொஞ்சம் கூடத்தான். ஆனா அது வந்து நின்ன பெறகுதான் கணக்கு. ஆளே இல்லாட்டி காசே இல்ல."

செல்வம் அப்படியே செய்தான். பேசி முடிக்கும்வரை அண்ணன் பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காதலன் பக்கத்தில் நிற்கவேண்டிய முகமா அது! கல்யாணத்துக்குப் பிறகும் செல்வம் அதைச் சொல்லிப் புலம்பினான்.

ஆளே இல்லாவிட்டால் காசே இல்லை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு அண்ணன் தனக்கென்று ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவருடைய அக்கா தனியாக இருந்தார். நெஞ்சுச் சளி, இழுப்பு. சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு அண்ணன் தோட்டத்து ஆபீசுக்கு பெர்சனல் கால் போடுவார். தோட்டத்திலேயே இல்லாத ஓர் ஆளைக் கேட்பார். ஆப்பரேட்டர் பெண் மலாயில் கேட்க, ஏற்கெனவே பேசிவைத்த தோட்டத்துக் கணக்கர், கிராணி, மலாயிலேயே பதில் சொல்வார். அவர் சொல்வது இவர் காதிலும் விழும். 'ஆள் இல்லை, பாசாருக்குப் போயிருக்கிறார்', அதாவது சந்தைக்கு, என்றால் அக்கா நலம். 'லுமூட்டுக்குப் போயிருக்கிறார்' என்று பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னால் உடனே புறப்பட்டு வா. அப்படி மிச்சமான காசையும் சேர்த்து மாதாமாதம் அக்காவின் மருந்துக்கு மணியார்டர் அனுப்பினார்.

முதலில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது முனுசாமியை. ஏழெட்டு மாதம் சிக்கல் இல்லை. பிறகு அந்தத் தோட்டத்தில் நிஜமாகவே ஒரு முனுசாமி வேலைக்குச் சேர்ந்தார். ஒரு சனிக்கிழமை கிராணி இல்லாத நேரத்தில் போனை எடுத்த ஆபீஸ் பையன் அவரைக் கூப்பிட்டுவிட்டான். தனக்கு ஈப்போவிலிருந்து போன் என்றதும், யாருக்கு என்ன ஆனதோ என்று ரப்பர் பால்வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "ஹலோ! யாருங்க?" என்றார். ஆள் வந்துவிட்டது, கணக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது.

போனை வைக்க அண்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. "காசு போனது போயிருச்சு, பேசு. அங்க மழையா? எத்தன புள்ளைங்க?" என்று மூன்று நிமிடமும் விடாமல் விசாரித்தார். அதன்பிறகு ஒரு மாதம் வரை அந்த முனுசாமி சனிக்கிழமை ஆனால் தலை வாரிக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாராம்.

தோட்டத்தில் யாரும் வைத்துக்கொள்ள வாய்ப்பே இல்லாத பெயராக யோசித்து, அலெக்சாண்டர் என்று மாற்றினார். ஆப்பரேட்டர் கேட்டு முடிப்பதற்குள் இவரும் நடுவில் புகுந்து, "அலெக்சாண்டர்! அலெக்சாண்டர்!" என்று காப்பிக் கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். பதில் வரும். ரிசீவரை வைத்துவிட்டு, "பாசார்" என்று எங்களைப் பார்த்துத் தலையாட்டுவார். அன்று மட்டும் காப்பிக்குப் பால் சேர்த்துக்கொள்வார்.

நாலு வருடம் அலெக்சாண்டர் பாசாருக்கே போய்க்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமையும் அப்படித்தான் போனார். திங்கட்கிழமை காலை தந்தி வந்தது. அக்கா இறந்துவிட்டார்.

அண்ணன் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாசார்னுதான சொன்னான்? நீயும் கேட்டியே தம்பி?" என்றார். அவரைத் தனியாக அனுப்பப் பயந்து நானும் பஸ் ஏறினேன்.

காரியம் முடிந்து ஆற்றங்கரையிலிருந்து திரும்பும்போது கிராணி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தர வயதுக்காரர், அழுதுகொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா அக்காவுக்கு முடியலண்ணே. லுமூட்னு சொல்லிர்றேன்னு எத்தனயோ தடவ சொன்னேன். கேக்கல. 'அவன் வந்தா நாலு நாள் சம்பளம் போயிரும், பாசார்னே சொல்லு'ன்னு சத்தியம் வாங்கிருச்சு."

அண்ணன் அவரைத் திட்டவில்லை. "போன சனிக்கிழம எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆபீஸ்லதாண்ணே. சனிக்கிழமயானா பத்தரைக்கெல்லாம் வந்து போன் பக்கத்துலயே ஒக்காந்துரும். நாலு வருசமாவே அப்புடித்தான். நான் ரிசீவர லேசா தள்ளிப் பிடிப்பேன், அதுவும் காத வச்சிக் கேக்கும். இருமல் வந்தா முந்தானைய வாயில அடச்சிக்கும்."

"ஏன்?"

"அந்தச் சத்தம் கேட்டா ஆள் வந்துட்டதா நெனச்சிக் காசு போட்டுருவாங்களோன்னு பயம். நான் சொன்னாலும் நம்பாது."

 "நான் கத்துனது அதுக்குக் கேட்டுச்சா?" என்றார் அண்ணன்.

"நல்லாக் கேட்டுச்சுண்ணே. தம்பி சத்தம் திடமா இருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போகும்."

கணக்கில் புலியான அந்த மனிதர் அன்று ரப்பர் மரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். 

திரும்பும் பஸ்ஸில் கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கனத்த மனிதர், என் கை மரத்துப்போயிற்று. ஈப்போ வரைக்கும் நான் அசையவில்லை.