ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடுங்கிய வானம்

மழை, மேகம், நிலா எதிலும் அக்கறை இல்லாமல் வானத்தையே கட்டிக்கொண்டு அழுத மனிதர் உலகத்தில் ஒருவர்தான். செல்போனில் மேப் வந்த புதிதில், திண்டிவனம் லாட்ஜில் அவர் என் பக்கத்து அறைக்காரர். கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்தார். எங்களுக்கு அவர் சிக்னல் சார்.

மொட்டை மாடியில், இட்லிக் குண்டான் மூடி மாதிரி ஓர் ஆன்டெனாவைக் கம்பத்தில் நட்டு வைத்திருந்தார். வழிகாட்டும் சாட்டிலைட்டுகளின் சிக்னல் அதில் வந்து சேரும். உயரே மின்சாரம் ஏறிய ஒரு காற்றடுக்கு இருக்கிறதாம். பொழுது சாய்ந்ததும் அதில் குமிழிகள் கிளம்பி சிக்னலை நடுங்க வைக்குமாம். அந்த நடுக்கத்தை அளப்பதுதான் சாரின் வேலை. ஒருநாள், "இன்னிக்கி மேல ரொம்ப மோசம்" என்றார். கெடார் கிராமத்து விவசாயி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, களத்தில் காய்ந்த மல்லாட்டைக் கடலையைத் தார்ப்பாய் போட்டு மூடினார். மூன்று நாள் வெயில் கொளுத்தியது. சண்டைக்கு வந்தவரிடம், தான் சொன்னது முந்நூறு கிலோமீட்டர் உயரத்துச் சமாசாரம் என்று சார் பொறுமையாக விளக்கி, அவர் மடியிலிருந்த மல்லாட்டையையும் வாங்கித் தின்றார்.

கருவி இரவல். பொங்கலுக்குள் உருப்படியாக எதுவும் கிடைக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று, அதைக் கொடுத்த ஆய்வகம் கடிதம் போட்டது. அன்றிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. பட்டப்பகல் பதினோரு மணிக்குச் சிக்னல் நடுங்குகிறது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். உலகத்தில் எவனும் பார்க்காததாம். கட்டுரை தயார், திங்களன்று தபால். லாட்ஜ் முழுக்க மிக்சர் கொடுத்தார்.

நான் வாயருகே கொண்டுபோன மிக்சரைப் பொட்டலத்திலேயே போட்டேன். ஞாயிறு காலையில் சார் விழுப்புரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார்; கருவி தானாகவே பதிவு செய்துகொண்டிருக்கும். நான் துவைப்பதும் அன்றைக்குத்தான். கொடியில் இடம் கிடைக்காது. ஈரப் போர்வையை ஆன்டெனா கம்பத்தில் கட்டிக் காற்றில் பறக்க விடுவேன்.

"சார், அது ஆகாசத்துல இல்ல. என் போர்வை" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நோட்டை எடுத்தார்.

"எத்தினி மணிக்குக் காயப் போட்டீங்க? எப்ப எடுத்தீங்க?"

சொன்னேன். வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப நம்ம மெஷினு கரெக்ட்டாத்தான் வேல செஞ்சிக்கினு இருக்குது."

கட்டுரையைக் கிழித்துப் போட்டு, நடந்ததை அப்படியே ஆய்வகத்துக்கு எழுதினார். போர்வையைக்கூட மறைக்காதவர் கையிலேயே கருவி இருக்கட்டும் என்று பதில் வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் விழுப்புரம் போகவில்லை. புது நைலான் கயிறு வாங்கி வந்து மாடியின் அந்தக் கோடியில் கட்டிக் கொடுத்தார். போர்வையைப் பிழிய மறுமுனையையும் பிடித்தார். இயற்பியல் படித்தவர், நான் முறுக்கும் பக்கமே தானும் சுற்றினார். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

இன்று என் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. இருந்தாலும் போர்வை நனைக்கும் நாளில், மறுமுனையைப் பிடிக்க சார் இல்லையே என்று ஏங்கத்தான் செய்கிறேன்.