வீச்சு மாஸ்டரின் காலி அட்டை

திருமயம் பஸ் ஸ்டாண்டில் வீச்சு மாஸ்டரிடம் திட்டு வாங்காமல் பரோட்டா தின்றவன் எவனும் கிடையாது. கடை முதலாளிகூட அவரிடம் பசிக்கிறது என்று சொல்லப் பயப்படுவார்.

"ஒரு பரோட்டாவுக்கு ரெண்டு வாளி சால்னா கேக்குறியே, குளிக்கப் போறியா?"

செல்போனைப் பார்த்தபடி தின்ற ஒருவரின் இலையை உருவிக்கொண்டார். "அதுலயே சாப்பிட்டுக்க." அந்த ஆள் பசியோடு பஸ் ஏறினார்.

வீசும்போது மட்டும் பேசமாட்டார். மாவு காற்றில் வேட்டி மாதிரி விரியும்.

அவர் நுரையீரலில் பூஞ்சை வந்தது. புதுக்கோட்டை டாக்டர் மாத்திரை எழுதி, மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார். இருமல் நின்றது. மாத்திரையை மாஸ்டர் விடவில்லை, டாக்டரிடம்தான் போகவில்லை. "நான் போயிட்டா இங்கிட்டு அந்த டாக்டரா வந்து வீசுவாரு?"

நம் ஊரில் மருந்துச் சீட்டு எதற்கு? காலி அட்டையை நீட்டினால் மெடிக்கலில் அதே மாத்திரையைக் கொடுப்பார்கள். தினமும் அவர் கடையில் தின்றுவிட்டுப் புதுக்கோட்டைக்கு வேலைக்குப் போகிற நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை வருஷம்.

பிறகு வலி வந்தது. விரல்கள் வீங்கின. முழங்கையைத் தொட்டாலே கத்தினார். விலா எலும்பு வலியில் புரண்டு படுக்க முடியவில்லை. "கண்ணு பட்டுருச்சுப்பா" என்று பரோட்டாக் கல்லில் மிளகாயை அள்ளிப் போட்டார். கடையே இருமிக்கொண்டு வெளியே ஓடியது. "ஓடுனவன்ல ஒருத்தன்தான் கண்ணு வச்சவன்!"

ஒருநாள் மாவு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதே டாக்டரிடம் இழுத்துப் போனேன். ரத்தமும் எக்ஸ்ரேயும் பார்த்தார். "இந்த மாத்திரைய ரொம்ப நாள் சாப்பிட்டா அதுல இருந்து வர்ற ஃப்ளோரைடு எலும்புல சேரும். எலும்பு மேலயே எலும்பு வளந்து வலிக்கும். அதைப் பாக்கத்தான் வரச் சொன்னேன். யாரு வாங்கிக் கொடுத்தது?"

மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தாங்க வாங்குனேன்."

ஊரையே திட்டிய வாய் அது.

மாத்திரையை மாற்றினார்கள். ஒரு கேள்வி கேட்காமல் விற்ற மெடிக்கல்காரன் மேல் இன்னும் எனக்கு ஆத்திரம். ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிய என் மேல் அதைவிட.

வலி குறையப் பல மாதம் ஆனது. விரல்கள் பழையபடி மடங்கவில்லை. ஒருநாள் அடுப்படிக்கு வந்து ஒன்றே ஒன்று வீசினார். கோணல், நடுவில் கிழிசல். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெந்ததும் அதை என் இலையில் போட்டார்.

"இத வேற எவனுக்கும் வைக்க முடியாது. நீ தின்னு."

சால்னா கேட்கவில்லை. ஒரு துணுக்கு விடாமல் தின்றேன்.