என் வயிற்றில் கிடந்த கீரை தொடர்பாக

மேனாம்பேடு, அம்பத்தூர்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் கலியமூர்த்தி அவர்களுக்கு,

மாறாக எதுவும் என் காதுக்கு எட்டாத வரையில், ஆவடியில் தாங்களும் குடும்பத்தாரும் நலமென்றே கருதிக்கொள்கிறேன். இங்கே என் உடல்நலம் விவாதத்திற்குரியது.

தங்கள் பேரனின் காதுகுத்துப் பந்தியில், "வக்கீலு பட்டினி கீறேன்னு சொல்லிட்டு, ஃபுல்லா கட்டிகினு போய் கேமராவுல மாட்டிகினாரு மாமே!" என்று தாங்கள் நாற்பது பேர் முன்னிலையில் கூறியதாக அறிகிறேன். முப்பத்தோர் ஆண்டுகள் பிறர் பத்திரங்களுக்குச் சான்றொப்பமிட்டவனின் சொல்லைப் பற்றிய கூற்று இது.

நடந்தது பின்வருமாறு. மூன்றாம் தேதி இரவு எட்டு மணிக்குச் சோறும் கீரைக் கூட்டும் உண்டேன். அதன்பின் பச்சைத் தண்ணீர்கூடப் பருகவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு எண்டோஸ்கோபி. பதினான்கு மணி நேரம் கழித்தும் டாக்டர் ஷர்மிளா திரையில் கண்டது அதே கீரையை. "சாப்ட்டீங்களா ஐயா?" என்றார். தொண்டையில் குழாய் உள்ள ஒருவரைக் குறுக்கு விசாரணை செய்ய எந்தச் சட்டமும் இடமளிக்கவில்லை. கையை ஆட்டினேன்; அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். வெளியே தங்கள் தங்கை பத்மா, "இன்னாங்க இது, அசிங்கமாக்கீது! ராவுல எய்ந்து பிரிட்ஜ தொறந்தீங்களா?" என்றாள். அன்று முதல் பேச்சுவார்த்தை இல்லை.

மேல்முறையீடாக நானே இன்னொரு சோதனை கேட்டேன். இட்லியில் ஏதோ மருந்தைக் கலந்து கொடுத்து, அது வயிற்றைவிட்டு இறங்குவதை நான்கு மணி நேரம் கேமராவில் படமெடுத்தார்கள். பத்மா டீ குடிக்கக்கூட எழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் பாதி இட்லி இருந்த இடத்திலேயே இருந்தது. பல வருடமாகக் கட்டுப்படாத சர்க்கரையால் இரைப்பையை இயக்கும் நரம்பு தளர்ந்துவிட்டதாம். நாலு வாய் உண்டதும் வயிறு நிறைவதும், இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை இறங்கி மயங்கியதும் அதனால்தானாம். ஆக, நான் நிரபராதி. வாய்தா வாங்கியது என் இரைப்பை. சந்தோஷத்தில் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். முழுசா குணமாகாதுன்னு சொன்னதுக்குக் கைகுலுக்கின மொத ஆளு நான்தானாம் மச்சான்!

ஆகவே, தங்கள் இளைய மகள் தேவிப்பிரியாவின் நிச்சயதார்த்தப் பந்தியில், அதே குரலில், தாங்கள் அக்கூற்றைத் திரும்பப் பெற வேண்டும்.

பெரியோர்க்கு வணக்கமும் சிறியோர்க்கு ஆசியும் அவரவர் வயதுக்கேற்பப் பிரித்து வழங்கவும்.

இங்ஙனம்,
திருவேங்கடம்

பின்குறிப்பு: உறையில் இடுமுன் பத்மா இதை வாங்கிப் படித்தாள். "பல வருசமா சர்க்கரை கட்டுப்படலன்னு எய்திகீறீங்க. மாசாமாசம் நார்மல்னு ரிப்போர்ட்டு காமிச்சீங்களே?" என்றாள். சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய மூன்று நாள் மட்டும் சோற்றையும் இனிப்பையும் விட்டு, வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் வழக்கத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக நான் வெளியிட்டதில்லை. யாரும் கேட்கவுமில்லை. இன்று கேட்டாள், சொன்னேன். அவள் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து என் முன் வைத்துவிட்டு அழுதாள்.

எனவே தாங்கள் எதையும் திரும்பப் பெற வேண்டாம். ஒரு ராத்திரி திருட்டுத்தனமாகத் தின்றவன் என்றே நாற்பது பேரும் நினைத்துக்கொள்ளட்டும். இருக்கிற குற்றங்களில் அதுதான் சின்னது.