அப்பா இறந்த கட்டுரை

மனித குலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்புகளில், சக்கரத்துக்கு அடுத்தபடியாக வைக்கத்தக்கது டியூஷன் வாத்தியாரின் ஆங்கிலக் கட்டுரை. ஒரே கட்டுரைதான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் எந்தத் தலைப்பு வந்தாலும் அதையே எழுதலாம். அதில் மழை பெய்யும். அப்பா குடையில்லாமல் வருவார். லாரி மோதும், அப்பா இறந்துவிடுவார். திருத்துகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருபதுக்குப் பதினெட்டு போடுவார்.

'அறிவியலின் நன்மைகள்' என்று வந்தால், அத்தனை அறிவியல் இருந்தும் அப்பா பிழைக்கவில்லை. 'மரம் வளர்ப்போம்' என்றால் அப்பா நினைவாக ஒரு மரம். 'சிக்கனம்' என்றாலும் கவலையில்லை. குடை வாங்காமல் மிச்சம் பிடித்தவர்தானே அப்பா!

இந்த அரும்பெரும் இலக்கியத்துக்கு ஒரு பஸ் டிரைவர் தினமும் பலியாகிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து அவர் சட்டையைக் கழற்றுவதற்குள், கூடத்தில் நடந்து நடந்து மனப்பாடம் செய்யும் மகள் அவரை லாரியில் அடித்துப் போட்டிருப்பாள். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் தான் சாகிற இடம் மட்டும் நன்றாகப் பிடிபட்டுவிட்டது.

"ஏம்மா, லாரி வர்றதுகூடவா எனக்குத் தெரியாது? இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன்."

"கட்டுரையில நீங்க டிரைவர் இல்லப்பா. ஏழை டெய்லர்."

"சரி, ஆஸ்பத்திரியிலயாவது ரெண்டு நாள் வெச்சிருக்கக் கூடாதா?"

"இடம் பத்தாதுப்பா."

அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "சும்மா இருங்க. நீங்க உயிரோட இருந்தா புள்ளைக்கு எட்டு மார்க்குதான்."

டிரைவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

டியூஷனில் மாதிரித் தேர்வுக்கு முந்தின நாள் நிஜமாகவே மழை கொட்டியது. வெள்ளத்தில் பஸ் நின்றுவிட, டிரைவர் தொப்பலாக நனைந்து நடந்தே வந்தார். தெருமுனையில் மகள் குடையோடு நின்றிருந்தாள்.

"ஒரு போன் பண்ணக் கூடாதாப்பா?" என்று கத்தினாள். பிறகு அழுதாள்.

"அதான் வந்துட்டேன்ல" என்று அவர் குடையை வாங்கி அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்தார்.

மறுநாள் தலைப்பு, 'ஒரு மழை நாள்'. வாத்தியாரின் கட்டுரைக்கே அளவெடுத்துத் தைத்தது. மகளோ லாரி வரவேண்டிய இடத்தில் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். சட்டையைப் பிழிந்தது, ஊரே கேட்கத் தும்மியது, எல்லாவற்றையும் தன் சொந்த ஆங்கிலத்தில் எழுதினாள்.

விடைத்தாளில் ஏழு மார்க். ஓரத்தில் சிவப்பு மையில் வாத்தியாரின் குறிப்பு: 'நம்பும்படி இல்லை. அப்பா ஏன் திரும்பி வருகிறார்?'

டிரைவர் காக்கிச் சட்டையோடு நேரே டியூஷனுக்குப் போனார்.

"சார், அவ எழுதினது அத்தனையும் நெஜம். அந்த அப்பா நான்தான். பாருங்க, குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்."

வாத்தியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். பெருந்தன்மையான மனிதர், கோபமே படவில்லை.

"உங்க பொண்ணுக்குத் திறமை இருக்குங்க. வீட்டுலதான் சூழ்நிலை சரியில்ல. பரீட்சை முடியுற வரைக்குமாவது நீங்க கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

டிரைவர் வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. உள்ளே வகுப்பே ஒரே குரலில் அப்பாவைக் கொன்றுகொண்டிருந்தது. மகள் மட்டும் வாயைத் திறக்காமல் ஜன்னல் வழியே அவரைப் பார்த்தபடி இருந்தாள். வாசலில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அப்பாக்கள், கொண்டுவந்த குடையைப் பிள்ளைக்கென்று மடக்கி வைத்துக்கொண்டு, நனைந்தபடி பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபீஸ் கட்டியதும் அவர்கள்தான்.