அரிசி டிரம்முக்குள் வைத்த டேப்லெட்

மூக்கண்டப்பள்ளி,
வியாழக்கிழமை பிற்பகல்.

மரியாதைக்குரிய ராஜலட்சுமி அண்ணிக்கு,

சுஜாதா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் சௌக்கியம். சேலத்து ஹாஸ்டலில் சரிதாவும் சௌக்கியம் என்று அவளே சொல்கிறாள், அதற்கு மேல் விசாரிக்க விடமாட்டேன் என்கிறாள். மத்தூரில் அண்ணனும் நீங்களும், மாந்தோப்பும், உங்கள் மகளிர் குழுவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அண்ணனின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. குழுவின் விவரங்களை எல்லாம் இனிமேல் டேப்லெட்டில் ஏற்றச் சொல்கிறார்கள், நாலாயிரத்துக்குள் ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன், வாங்கலாமா சுஜாதா, நீ படித்தவளாயிற்றே என்றீர்கள். நான் "அப்புறம் சொல்றேன் அண்ணி" என்று சட்டென்று போனை வைத்துவிட்டேன். உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். காரணம் இருக்கிறது. நீங்கள் சொன்ன அதே ரகத்து டேப் ஒன்று அந்த நேரத்தில் என் பக்கத்தில், மிக்ஸி மேல் படுத்துக்கொண்டு, நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் காலத்தில் கவர் வாங்கி, எழுதுகிற பேனாவாக ஒன்றைத் தேடிப் பிடித்து, கடிதம் எழுதுகிறேன். இப்போது அது அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. டிரம்மை மூடி, மூடி மேல் இட்லி குண்டானையும் தூக்கி வைத்திருக்கிறேன். ஆகவே தைரியமாக எழுதலாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால், நான் எதற்கு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். இது அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. வீட்டில் இருந்தபடியே ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லித்தருகிற ஒரு டியூஷன் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். சரிதா பிறப்பதற்கு முன்னால் இரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேனே, அதற்கப்புறம் இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் போட்ட முதல் விண்ணப்பம். கேமராவில் இன்டர்வியூ என்றார்கள். என் போனின் கண்ணாடியில் ஒரு விரிசல், யார் பேசினாலும் அவர்கள் மூக்கு இரண்டாகத் தெரியும். பெரிய திரையாக ஒன்று வேண்டும் என்றுதான் வாங்கினேன். அவரிடம் சமையல் குறிப்பு பார்க்க என்று சொன்னேன். "ம்" என்றார். அவர் தடுப்பார் என்று மறைக்கவில்லை அண்ணி. தடுக்கவே மாட்டார். "சரி, நல்லா பண்ணு" என்பார். அப்புறம் கிடைக்காமல் போனால், அந்தச் "சரி"யை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்க்கிற பார்வையைத் தினமும் சாப்பாட்டோடு சேர்த்து நான் சாப்பிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் தோற்றால் அது பாதித் தோல்விதானே.

வாங்கும்போதே எனக்குச் சந்தேகம். இரண்டு பெரிய கம்பெனிகளின் பெயரைப் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டியது போல அதற்கு ஒரு பெயர். ஆயிரக்கணக்கான பேர் அஞ்சு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவர் எழுதியதையும் படித்தேன். ஒருவர், "இரண்டு தடவை துவைத்தேன், சாயம் போகவில்லை, மிக்க திருப்தி" என்று எழுதியிருந்தார். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இன்டர்வியூவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை, விரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது.

சனிக்கிழமை வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிப்பதற்குள் அவர், "ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்குது, புதுச் சாமான், பூஜையில வச்சிட்டு அப்புறம் ஆன் பண்ணு" என்றுவிட்டார். அவர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு பிளாண்டில் அத்தனை மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கை ஓயாமல் வீட்டுக்கு வருவார். வந்து வண்டி, மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, என் முகம் பார்க்கிற கண்ணாடி என்று ஒரு சுற்று வருவார். சந்தனக் கிண்ணம் அவர் கையில் இருக்கும்போது அசையாமல் இருக்கிற எந்தப் பொருளும் தப்பியதில்லை. டேப்புக்கும் நெற்றி பார்த்துப் பொட்டு வைத்தார். மறுநாள் காலையில் அவரே துடைத்து, பெட்டியோடு இலவசமாக வந்த ஸ்கிரீன் கார்டு கண்ணாடியையும் ஒரு குமிழி இல்லாமல் ஒட்டிக் கையில் கொடுத்தார். அந்த ஒரு வேலைதான் அதில் சுத்தமாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்ததில் ஐந்து நாள் அது சாமி அலமாரியில் சுண்டலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆன் பண்ணினால் கன்னடம். புதுச் சாமான் என்றால் அதற்குள் உட்கார்ந்து கன்னடம் பேசினது யாரு? யாரோ வச்சிருந்து வித்ததுதானே? பஸ் ஸ்டாப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறாரே பஷீர் அஹமது, அவரிடம் கொண்டுபோனேன். "அக்கா, டவரு எல்லைக்கு அந்தாண்ட, அத்திப்பள்ளிது. அது கர்நாடகான்னு நினைச்சுக்குது" என்று தமிழுக்கு மாற்றிக் கொடுத்தார். மாற்றினதும் வானிலை வந்தது, அதுவும் அத்திப்பள்ளி வானிலை. "இன்னும் பத்து நிமிடத்தில் மழை" என்றது. மாடிக்கு ஓடி ஈரத் துணி எல்லாம் வாரிக்கொண்டு வந்தேன். இங்கே ஒரு சொட்டு இல்லே. அங்கே நல்ல மழையாம்.

சார்ஜ் ஏறவே இல்லே. ராத்திரி முழுக்கப் போட்டு வச்சா காலையில முப்பது சதவீதம். சத்தம், கிணத்துக்குள்ள இருந்து யாரோ கூப்பிடற மாதிரி. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கேமராதான். கேமராவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தால் மஞ்சள் பனி. பனிக்குள் ரெண்டு கண்ணு மாதிரி ஏதோ. கண்ணாடியைத் துடைத்தேன், முந்தானையால் துடைத்தேன், மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் துடைத்தேன். ஒன்றும் போகவில்லை. அந்தக் கேமராவைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் வேறு. மலிவுச் சாமான் என்றால் பூச்சும் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன். அப்புறம் என் மேலேயே சந்தேகம் வந்தது. பவுடர் போட்டுப் பார்த்தேன், பவுடர் இல்லாமல் பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பினேன், டியூப்லைட் மாற்றினேன். பத்தொன்பது வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்தவள் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இப்படித்தான் தெரிவாள் போலிருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன், அழுதேன். பிறகு எழுந்து ரசம் தாளித்தேன். கோளாறு என்னிடம் இல்லை, அதனிடம்தான் என்று முடிவு செய்ய மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் திருப்பி அனுப்புகிற தேதி முடிந்துவிட்டது. அதுவும் அதற்குத் தெரிந்துதான் செய்திருக்கும்.

மறுபடி பஷீரிடம் போய், "இந்த மாதிரி டேப்பெல்லாம் வாங்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"நான் இதை வித்ததில்லேக்கா. நல்லதுன்னா, அப்ப ஏன் விக்கலேன்னு கேப்பீங்க. மோசம்னா, வயித்தெரிச்சல்னு சொல்வீங்க. குடுங்க, கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்."

நான் கொடுக்கவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளே இருக்கிறதை எடுத்துக்கொண்டு வேறு எதையாவது வைத்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

இனி ஒட்டுக்கேட்பதற்கு ஆதாரம். பூஜை முடிந்த வெள்ளிக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டே, "நிமிர்ந்து உக்கார ஒரு நல்ல நாற்காலி இருந்தா தேவலை, இந்த பிளாஸ்டிக்ல உக்காந்தா கூன் விழுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயால் சொன்னது, எங்கேயும் தட்டவில்லை. சமையல்கட்டில் என்னையும் குக்கரையும் தவிர யாருமில்லை. சனிக்கிழமை காலையில் டேப்பைத் திறந்தால் நாற்காலி! நீல நாற்காலி, சக்கரம் வச்ச நாற்காலி, இடுப்புக்கு முட்டுக் குடுக்கற நாற்காலி. என் இடுப்பைப் பத்தி அதுக்கு யாரு சொன்னது? அன்றையிலிருந்து நான் வீட்டில் சைகையில்தான் பேசுகிறேன். அவர்கூட, "தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. அவர் டூட்டிக்குப் போனதும் பட்டுப் புடவை கட்டி உட்கார்ந்தேன். எதிரே சுரேந்தர் என்று ஒருவர்.

"மேடம், குரல் வருது. முகம் வரலே."

"இங்கதான் சார் இருக்கேன்."

"இருக்கீங்க மேடம். மஞ்சளா இருக்கீங்க. லைட்டு போடுங்களேன்."

போட்டேன்.

"இப்ப பளிச்சுனு மஞ்சளா இருக்கீங்க."

பின்னம் நடத்திக் காட்டச் சொன்னார். அவர் சொன்னது கேட்கவில்லை. டேப்பைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டேன். "மேடம், இப்ப இருட்டா இருக்குது" என்றார். "சார், அது என் காது" என்றேன். பின்னத்துக்கென்று ஒரு தோசை சுட்டு எட்டாக வெட்டி வைத்திருந்தேன். அதைத் தட்டோடு காட்டினால், "என்ன மேடம் இது, நிலாவா?" என்கிறார். எட்டில் மூன்றும் நான்கில் ஒன்றும் எப்படிச் சேரும் என்று இருபது நிமிஷம் அந்த நிலாவை வைத்து நடத்தினேன். நன்றாகத்தான் நடத்தினேன் அண்ணி. நடத்தும்போது எனக்கே அது தெரிந்தது, அதுதான் இப்போது வலிக்கிறது. கடைசியில், "பாத்துட்டுச் சொல்றோம் மேடம்" என்றார். இத்தனை நேரமாக என்ன பார்த்தாராம்?

டேப் அன்றைக்கே டிரம்முக்குள் போய்விட்டது. ஆகவே அண்ணி, மலிவு டேப் வேண்டவே வேண்டாம். அது பார்க்க வேண்டியதைப் பார்க்காது, கேட்கக் கூடாததைக் கேட்கும். உங்கள் குழுவின் நோட்டுப் புத்தகங்கள் எத்தனை வருஷமாக மரியாதையாக இருக்கின்றன. அவற்றுக்குச் சார்ஜும் வேண்டாம், கன்னடமும் வராது.

அண்ணனுக்கு என் வணக்கம். குழுவில் என்னை விசாரிக்கிறவர்களுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நீண்ட காலம் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்து, எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்,
சுஜாதா.

பின்குறிப்பு (சனிக்கிழமை): தபால் தலை இல்லாமல் கடிதம் இரண்டு நாள் தங்கிவிட்டது. நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். வாங்குங்கள்.

நேற்று மத்தியானம் டேப்பைப் பஷீர் கடையில் தலை முழுகிவிட்டு வரலாம் என்று போனேன். வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "அக்கா, இதுக்கு யாரு பொட்டு வச்சது?" என்றார். ஸ்கிரீன் கார்டை உரித்தார். கடை முழுக்கச் சந்தன வாசனை. டேப்பின் நெற்றி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேமராவும் இருக்கிறதாம். மேலாகத் துடைத்துவிட்டு, மிச்சத்தின் மேல் குமிழி இல்லாமல் கண்ணாடியை ஒட்டியிருக்கிறார் என் வீட்டு ஃபிட்டர். நான் துடைத்ததெல்லாம் கண்ணாடிக்கு வெளியே. சத்தம் வருகிற ஓட்டையில் சந்தனம், சார்ஜ் ஏறுகிற ஓட்டையில் குங்குமம். "உங்க வீட்டுக்காரரு தீர்த்தகிரி அண்ணன் மட்டுமில்லேக்கா, ஆயுத பூஜை முடிஞ்சா ஒரு வாரம் எனக்கு இதான் வேலை" என்று பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுத்தார். கேமராவைத் திறந்தேன். நான் இருந்தேன். நரை உட்பட.

சண்டை போடத் தயாராக வாசலிலேயே நின்றேன். அவர் வந்ததும், "மிக்ஸிக்கு இத்துனூண்டு பொட்டு, அதுக்கு மட்டும் எதுக்கு அம்மாம் பெருசா வச்சீங்க?" என்றேன்.

"பிளாண்ட்ல எந்த மெஷினை நம்பி லைன் ஓடுதோ, அதுக்குப் பெருசா வைப்போம்" என்றார். "அது உன் வேலைக்கு வாங்கினதுதானே?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? பத்து நாளா குக்கரைப் பாத்து 'குட் மார்னிங் சார்'னு சொல்லிக்கிட்டு இருந்த. குக்கருக்கு எதுக்கு இன்டர்வியூ?"

அதோடு விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் மாடியில் துணி எடுக்கப் போனபோது, டேப்பில் நாற்காலி தேடியதும் அவர்தானாம். ஒட்டுக்கேட்டது டேப் இல்லை அண்ணி. நான்தான் இந்தப் பத்தொன்பது வருஷமாக அந்த மனுஷனுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரியே சுரேந்தரிடமிருந்து செய்தி வந்தது. தோசைப் பின்னம் நன்றாக இருந்ததாம், முகத்தோடு இன்னொரு முறை பார்க்கலாமா என்று. இன்று காலை நீல நாற்காலி வந்து இறங்கியது, அதிலேயே உட்கார்ந்தேன். அவர் குக்கரை அணைத்துவிட்டு, கதவுக்கு வெளியே காவல் நின்றார். "இப்ப தெரியறீங்க மேடம்" என்றார் சுரேந்தர். திங்கட்கிழமையிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு வகுப்பு.

கன்னடமும் அத்திப்பள்ளி மழையும் அவ்வப்போது வரத்தான் செய்கின்றன. அது டேப்பின் குற்றமில்லை, நாங்கள் குடியிருக்கிற இடம் அப்படி. கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். உங்கள் குழு வேலைக்குத் தாராளமாகப் போதும். வந்த அன்றைக்கே ஆன் பண்ணிப் பார்த்துவிடுங்கள். அண்ணன் பொட்டு வைக்காமல் விடமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். முன்பக்கம் வேண்டாம். பின்பக்கமும் வேண்டாம், அங்கேயும் ஒரு கேமரா இருக்கிறது. அட்டைப் பெட்டியைக் கொடுங்கள், அதற்கு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.